லெஃப்ட் அவுட்டில் நிற்கிற பையன் எத்தனை வருஷம் ஓடுவான்?

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையோரக் கடற்கரை ஊரான நீரோடியிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். தங்கல் தொழிலுக்குப் போகிறவர். மாதத்தில் பாதி நாள் ஆழ்கடலில். மகனுக்கு 14 வயது. எல்லை தாண்டிப் போய் கேரளப் பக்கத்துப் பொழியூர் பிள்ளைகளோடு சேர்ந்து ஃபுட்பால் ஆடுகிறான். வலது கால் பையன், நிற்பதோ இடது விங்கில், அதாவது முன்வரிசையில் இடது கோட்டோரம். கேரளத்தில் ஓர் அகாடமி, அங்கேயே தங்கிப் படித்துக்கொண்டு ஆடச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. "மோனுக்கு நல்ல ஓட்டம் உண்டு. விங்கர்னா ஓட்டம்தானே? அதை வெச்சு எத்தன வருஷம் பிழைக்கலாம்? அதுக்கப்புறம் என்ன செய்வான்? என்னை மாதிரி கடலுக்கு வந்திரக் கூடாது, அவ்வளவுதான்" என்று முடித்திருக்கிறார்.

அண்ணே, நானும் இந்தக் கரைக்காரன்தான். ஊருக்கு லெஃப்ட் அவுட், அதாவது இடது விங்கர், ஆடினேன். பெருநாள் டோர்னமெண்டுகளில் ஆடி, திருவனந்தபுரத்தில் ஒரு டிபார்ட்மெண்ட் டீமுக்கு கெஸ்ட்டாகப் போய், கீழ் டிவிஷன் கிளப் ஒன்றில் இரண்டு சீசன் காண்டிராக்டில் இருந்து, 29 வயதில் தொடையின் பின்தசை இரண்டாவது முறை கிழிந்தபோது நிறுத்தினவன். இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருக்கிறேன். அதனால் மேலே போய் ஜெயித்தவனின் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே இடறியது என்று தெரிந்தவன் எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். 18, 19 வயதில் ஒரு சீனியர் டீமுக்குள் நுழைந்துவிட்டால், காலில் இருக்கும் ஓட்டத்தை மட்டும் நம்பி எட்டு, ஒன்பது வருஷம் ஓடலாம். 27, 28-இல் அந்த ஓட்டத்தில் அரை எட்டு குறையும். பார்க்கிற நமக்கு அது தெரியாது, எதிரில் கோட்டோரம் தடுக்க நிற்கிற ஃபுல் பேக்குக்குத் தெரிந்துவிடும். அதற்குள் அதே மைதானத்தில் இன்னொரு வேலை கற்றுக்கொண்டவனுக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் கிடைக்கும். கற்றுக்கொள்ளாதவன் வீட்டுக்கு வருவான். நான் வந்தது அப்படித்தான்.

விங்கர் என்றால் ஓட்டம்தானே என்கிறீர்கள். நம் அப்பன்மார் காலத்தில் அது சரி. அவர்கள் லெஃப்ட் அவுட், ரைட் அவுட் என்றுதான் சொல்வார்கள். கோட்டோரம் நிற்க வேண்டும், பந்து வந்தால் கோட்டோடு ஓட வேண்டும், கொடிக்கம்புக்குப் பக்கத்திலிருந்து உள்ளே தூக்கிப் போட வேண்டும். தலையால் முட்ட நடுவில் ஒருத்தன் காத்திருப்பான். இடது பக்கம் இடது கால்காரன், வலது பக்கம் வலது கால்காரன், அதில் மாற்றமே கிடையாது.

இப்போது பாதி டீம்களில் நேர் எதிர். உங்கள் மகனைப் போல வலது கால் பையனை இடது பக்கம் நிறுத்துகிறார்கள். அவன் கோட்டோரமிருந்து உள்ளே வெட்டி வருவான். அப்போது பந்து அவனுடைய நல்ல காலில் இருக்கும், கோல் போஸ்ட்டும் கண்ணுக்கு நேராக இருக்கும். நெதர்லாந்தின் ஆர்யன் ராபன் இதை மறுபக்கத்தில் செய்தார்: வலது விங், இடது கால். உள்ளே வெட்டப் போகிறார் என்று உலகத்தில் எல்லா டிஃபெண்டருக்கும் தெரியும், இருந்தும் நிறுத்த முடியவில்லை. 2013-இல் ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் 89-வது நிமிடம் ஜெர்மனியின் பயர்ன் கிளப்புக்காக வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். 'எல்லாருக்கும் தெரிந்த ஒரே வித்தை அவரிடம் இருந்தது, அதுவே போதுமே' என்று பிள்ளைகள் என்னிடம் வாதாடுவார்கள். அவர் எப்போது வெட்டுவார் என்பது யாருக்கும் தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். பத்தில் மூன்று தடவையாவது கோட்டோடு வெளியே போக முடிந்தவனுக்குத்தான் உள்ளே வெட்டுவது பலிக்கும். அதற்கு இரண்டாவது கால் வேண்டும். உங்கள் மகனுக்கு இடது கால் பந்தை நிறுத்த மட்டும்தான் வருகிறதா, கிராஸ் போடவும் வருகிறதா? ஓட்டத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

பந்து எதிராளியிடம் இருக்கும்போது விங்கருக்கு வேறு வேலை. எதிர் ஃபுல் பேக் மேலே ஏறினால் பின்னாலேயே ஓடி வர வேண்டும். மேல்மட்டத்தில் ஒரு மேட்சுக்குப் பத்து, பதினோரு கிலோமீட்டர் ஓடுகிறார்கள். அதற்கு நடுவே மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டுகிற பாய்ச்சல்கள் திரும்பத் திரும்ப வரும். பாதிப் பாய்ச்சல் முன்னால் போக, பாதி திரும்பி வர. நம் பையன்கள் போகிற ஓட்டம் மட்டும் ஓடுவார்கள். திரும்பி வரும்போது இடுப்பில் கை வைத்து நடப்பான். செலக்‌ஷனுக்கு வந்த கோச் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது அந்த நடையை.

நம் கரைப் பிள்ளைகளிடம் ஒரு விசேஷம் உண்டு, அதே அளவுக்கு ஒரு குறையும் உண்டு. இரண்டும் கடப்புறத்து மணலிலிருந்து வருகின்றன. மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவனுக்குக் கெண்டைக்கால் இரும்பாக இருக்கும், உடம்பு எளிதில் சாயாது, பந்தைக் கால் அடியில் சுருட்டி வைத்துக்கொள்ளத் தெரியும். ஆனால் மணலில் பந்து உருளாது, விழுந்த இடத்தில் கிடக்கும். அதனால் பையன் பந்தைக் கோரிக் கோரித்தான் தள்ளுவான். புல் தரைக்கோ டர்ஃபுக்கோ போனால் அதே தள்ளலில் பந்து இரண்டு மீட்டர் ஓடிப் போய்விடும், முதல் தொடுகையிலேயே டிஃபெண்டர் எடுத்துவிடுவான். ஓட்டமும் அப்படித்தான்: மணலில் கால் புதைந்து மெதுவாக எழும்பும், வேக ஓட்டத்துக்குக் கால் தரையைத் தொட்டதும் எழும்ப வேண்டும். ட்ரையல்ஸுக்குப் போகும் முன் ஆறு மாதமாவது கெட்டித் தரையில் பூட் போட்டு ஆடியிருக்க வேண்டும். நானும் முதல் ட்ரையல்ஸில் இப்படித்தான் தோற்றேன். கடன் வாங்கின பூட், ஒரு சைஸ் பெரியது வேறு. (இப்போது கடல் அரித்து அரித்து, மணலிலும் ஆட இடம் குறைந்துகொண்டே வருகிறது. அது தனிக் கதை.)

பொழியூரைச் சந்தோஷ் டிராஃபி ஊர் என்றே சொல்வார்கள், மாநில டீம்கள் மோதுகிற கோப்பை அது. கேரள டீமுக்கு அத்தனை பேரைக் கொடுத்திருக்கிறது. இந்தப் பக்கம் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ். உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய எல்லாமே அவர் ஆட்ட வாழ்க்கைக்குள் இருக்கிறது. சென்னை சிட்டி கிளப்பில் ஐ-லீக் ஆடினார், 2018-இல் ஜாம்ஷெட்பூர் வழியாக ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்குக்குள் போனார், 2019-இல் இந்தியாவுக்கு ஆடினார், அதே வருஷம் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அவரை எடுத்துக்கொண்டது. அங்கே கோச் அன்டோனியோ ஹபாஸ் பின்னால் மூன்று டிஃபெண்டரை வைத்து ஆடுகிறவர். அந்த அமைப்பில் விங்கர் என்ற இடமே கிடையாது. சூசைராஜை இடது விங் பேக்காக நிறுத்தினார். கோட்டோரம் முழுக்க ஒரே ஆள். மேலே போய் கிராஸ் போட வேண்டியதும் அவர்தான், கீழே வந்து தடுக்க வேண்டியதும் அவர்தான். 2020 மார்ச் 14-ஆம் தேதி ஃபைனலில், கோவாவின் ஃபட்டோர்டாவில், கொரோனா பயத்தில் ஆளில்லாத ஸ்டேடியத்தில், சென்னையின் எஃப்.சி-யை 3-1 என்று தோற்கடித்து ஏ.டி.கே. கோப்பை வாங்கியது. நம் ஊர்ப்பக்கம் பாதி வீட்டில் டி.வி. முன்னால் யாருக்குக் கைதட்டுவது என்ற குழப்பம். ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் நம் பையன்.

அந்தக் கோப்பையில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அவர் அந்த வேலை மாற்றத்துக்கு ஒத்துக்கொண்டதுதான். 'நான் கோல் அடிக்கிறவன், என்னை டிஃபென்ஸ் பண்ணச் சொல்கிறார்கள்' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்த விங்கர்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்களில் ஒருவன் நான்.

ஆனால் அடுத்த சீசன் முதல் மேட்ச், 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த சீசன் அத்தோடு போயிற்று. விங்கரின் வாழ்க்கையில் இந்தப் பக்கமும் இருக்கிறது அண்ணே. முழு வேகத்தில் ஓடி, ஒரு காலை ஊன்றி, உடம்பைத் திருப்புகிற வேலை அது, ஏ.சி.எல். என்கிற முட்டித் தசைநார் அறுவதற்கு அந்த ஒரு திருப்பம் போதும். ஆபரேஷன் செய்து, மறுபடி நடக்க, ஓட, திரும்ப, பந்தோடு திரும்ப என்று ஒன்பது மாதம் சர்வ சாதாரணமாகப் போகும். மலப்புறத்து ஆஷிக் குருணியனுக்கும் 2023-இல் அதே காயம். அவரும் விங்கராக வந்து லெஃப்ட் பேக்காகவும் ஆடியவர்.

முட்டியைவிட அடிக்கடி போவது தொடையின் பின்தசை, ஹாம்ஸ்ட்ரிங். புரொஃபஷனல் ஃபுட்பாலில் அதிகமாக நடக்கிற தசைக் காயம் அதுதான். அதிலும் வேகமாக ஓடுகிறவனுக்கே அதிகம். எனக்கு முதல் தடவை கிழிந்தது ஆளுக்கு ஏழு பேராக ஆடுகிற ஒரு செவன்ஸ் மேட்சில். காண்டிராக்டில் இருக்கும்போது செவன்ஸ் ஆடக் கூடாது என்று தெரியும், ஆனாலும் ஊர்க்காரர் கேட்டார்கள், கையில் காசு தருவார்கள், போய்விட்டேன். மூன்று வாரம் ஓய்வு என்றார்கள். பத்து நாளில் ஓடினேன். ஒரு தடவை கிழிந்த இடம் மறுபடி கிழியக் காத்திருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. முட்டிபோட்டு நிற்க வேண்டும், பின்னாலிருந்து ஒருத்தன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும், உடம்பை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். நார்டிக் என்று பெயர். ஒழுங்காகச் செய்கிற டீம்களில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பைசா செலவில்லை. அகாடமிக்குப் போனால் இதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். 'அது என்ன?' என்று கோச் திருப்பிக் கேட்டால், பையனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடலாம்.

14 வயது என்பதால் இன்னொன்று. இந்த வயதில் பையன்கள் ஒரே வருஷத்தில் சரேலென்று வளர்வார்கள். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும், குதிகால் வலிக்கும். 'வளர்ற வலி, சரியாகும்' என்று ஓட விடுவோம். அந்தச் சில மாதங்கள் ஓட்டத்தைக் குறைத்து, பந்து வேலையை அதிகமாக்க வேண்டும். இன்னொரு கசப்பான விஷயமும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 13, 14-இல் எல்லாரையும் ஓடித் தோற்கடிக்கிற பையன்களில் பலர் சீக்கிரம் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான். 17-இல் மற்றவர்களும் வளர்ந்து வந்து சமமாகிவிடுவார்கள். அன்றுவரை ஓட்டத்தை மட்டும் நம்பியவன் திகைத்து நிற்பான். உங்கள் மகன் எந்த வகை என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வகுப்பில் நெட்டையானவர்களில் ஒருவனா, மீசை அரும்பிவிட்டதா என்று பாருங்கள். குள்ளமாக இருந்தும் ஓடி ஜெயிக்கிறான் என்றால் எனக்கு நம்பிக்கை கூடும்.

சரி, இந்தியாவில் ஒரு விங்கருக்கு வேலை இருக்கிறதா? இருக்கிறது, மற்ற இடங்களைவிட அதிகமாகவே. ஐ.எஸ்.எல்-இல் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் களத்தில் இருக்கலாம். காசு கொடுத்துக் கொண்டுவருகிற அந்த நான்கு பேரை எங்கே போடுவார்கள்? கோல் அடிக்க ஒருத்தர், பந்தைப் பிரித்துக் கொடுக்க ஒருத்தர், பின்னால் நடுவில் ஒன்றிரண்டு பேர். அநேக கிளப்களின் கணக்கு இப்படித்தான் போகும். மிஞ்சுவது இரண்டு கோட்டோரங்கள். அங்கேதான் இந்தியப் பையன்கள் ஆடுகிறார்கள். இந்தியாவில் நல்ல சென்டர் ஃபார்வர்டு இல்லையே என்று எல்லாரும் அழுகிறோம், நல்ல விங்கர்களுக்குப் பஞ்சமில்லை. மிசோரத்தின் லால்லியன்சுவாலா சாங்தே 2022-23 சீசனில் ஐ.எஸ்.எல்-இன் சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் பால் வாங்கியது விங்கிலிருந்துதான். நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 டூரண்ட் கப்பில் ஈஸ்ட் பெங்காலுக்காக, மோகன் பகானுக்கு எதிரான கொல்கத்தா டெர்பியின் ஒரே கோலை அடித்து, அந்த டெர்பியில் ஈஸ்ட் பெங்காலின் நீண்ட தோல்வி வரிசையை முடித்துவைத்தார். அவரும் விங்கர்தான்.

அதே நேரம், முதலில் மாற்றப்படுகிறவனும் விங்கர்தான். 2020-இலிருந்து ஒரு மேட்சில் ஐந்து சப், அதாவது மாற்று ஆட்டக்காரர், அனுமதி. 60-வது நிமிடம் நான்காவது அதிகாரி பலகையைத் தூக்கினால், அதில் பாதி நேரம் கோட்டோரத்துக்காரன் நம்பர்தான் இருக்கும். களைத்தவனை எடுத்துவிட்டுப் புதுக் காலை இறக்குவார்கள். இளம் பையனுக்கு இது நல்லது. முதல் வாய்ப்பு அந்த முப்பது நிமிடத்தில்தான் வரும். முப்பது தாண்டினவனுக்கும் நல்லது, முழு நேரம் ஓட வேண்டாம். நடு வயதில் இருப்பவனுக்குத்தான் மானக்கேடாக இருக்கும். நான் ஒரு தடவை தண்ணீர்ப் பாட்டிலை உதைத்துவிட்டு வெளியே போனேன். அடுத்த மூன்று மேட்ச் பெஞ்ச்.

ஓட்டம் குறைந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வழி உண்டு. ஒன்று, கீழே இறங்கி ஃபுல் பேக் ஆவது. ஈக்வடாரின் அன்டோனியோ வாலென்சியா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வலது விங்கராகத்தான் வந்தார், பிறகு வருஷக்கணக்கில் அங்கேயே ரைட் பேக். செவில்லாவின் ஹெசூஸ் நவாஸ் அப்படியே. ஐம்பது மீட்டர் கீழே நின்றால் எதிரில் ஓட இடம் நிறையக் கிடைக்கும், முதல் ஐந்து மீட்டர் வேகம் அவ்வளவு தேவைப்படாது. நம் ஊர்ப் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

இரண்டாவது, உள்ளே வருவது. ரயன் கிக்ஸ் 1991-இல் பதினேழு வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக இடது விங்கில் இறங்கியபோது காற்றைப்போல ஓடினார். ஹாம்ஸ்ட்ரிங் தொல்லை அவருக்கும் உண்டு. முப்பதுக்கு மேல் யோகா செய்தார், நடுக்களத்துக்கு மாறினார், ஓடுவதற்குப் பதில் பந்தை ஓடவிட்டார். 2014-இல் நிறுத்தும்போது அந்த ஒரே கிளப்புக்கு 963 மேட்ச். நம் நாட்டு யோகாவை வெள்ளைக்காரன் செய்து நாற்பது வயதுவரை ஆடுகிறான், நம் பையன்கள் வார்ம் அப் செய்யவே வெட்கப்படுகிறார்கள்.

மூன்றாவது, கோலுக்குப் பக்கத்தில் போய்விடுவது. அது ரொனால்டோ வழி, எல்லாராலும் ஆகாது, விட்டுவிடுவோம்.

பழைய காலத்து இரண்டு ரைட் அவுட்களைப் பற்றி நான் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். பிரேசிலின் கரிஞ்சா: பிறவியிலேயே கால்கள் வளைந்து, ஒரு கால் குட்டை. அந்தக் காலை வைத்து 1958, 1962 என்று இரண்டு உலகக் கோப்பை ஜெயித்தார். 62-இல் பெலே அடிபட்டு உட்கார்ந்தபோது அணியைத் தூக்கிச் சுமந்தவர் அவர். முட்டி போயிற்று, குடி பிடித்தது, 1983-இல் 49 வயதில் ஒன்றுமில்லாமல் செத்தார். அதே காலத்து இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸ்: குடியில்லை, புகையில்லை, சாப்பாட்டில் பத்தியக்காரர் மாதிரிக் கட்டுப்பாடு. 1956-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருதை முதல் முதலாகக் கொடுத்தபோது அதை வாங்கியவர் அவர், அப்போது வயது 41. கடைசி முதல் டிவிஷன் மேட்ச் ஆடியது 1965-இல், ஐம்பது வயது முடிந்த பிறகு. காலைப் பார்த்தால் கரிஞ்சாவுக்குக் கடவுள் கொடுத்தது மாத்யூஸுக்குக் கொடுத்ததைவிட அதிகம் என்றுதான் நான் சொல்வேன். இந்தக் கதையை அப்பன்மார் முன்னிலையில் சொன்னால் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். ஏன் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

இனி காசு விஷயம். சம்பளக் கணக்கு சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஆள், கிளப்புக்குக் கிளப் மலையும் மடுவும். ஆனால் காண்டிராக்ட் என்ற காகிதம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பையனோடு மூன்று வருஷத்துக்கு மேல் புரொஃபஷனல் காண்டிராக்ட் போட முடியாது என்பது உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவின் விதி. 'பத்து வருஷம் எங்களுக்குத்தான் ஆடணும்' என்று எவனாவது முத்திரைத்தாளை நீட்டினால் கையெழுத்து வேண்டாம். காண்டிராக்ட் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போடலாம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பதினைந்து நாள் அவகாசம் விட்டு, அப்போதும் வரவில்லையென்றால் காண்டிராக்டை முறித்துக்கொண்டு வெளியே வரலாம். எனக்கு ஒரு கிளப் மூன்று மாதம் தரவில்லை. மேனேஜர் 'அடுத்த வாரம், தம்பி' என்று தோளில் கை போட்டுச் சொல்வார், நானும் தலையாட்டுவேன். எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தெரியாது. அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

ஏஜெண்ட் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடம் ஃபிஃபா லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். மைனர் பையனை அணுக அப்பா அம்மாவின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ட்ரையல்ஸுக்கு முன்பணம் கேட்டால் அவன் ஏஜெண்டே இல்லை.

வெளிநாட்டில் கொண்டுபோய் ஆட வைக்கிறேன் என்றாலும் அப்படியே. 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாறுவதை ஃபிஃபா பொதுவாகத் தடுத்து வைத்திருக்கிறது, சில விலக்குகள்தான். பிறந்த தேதியில் கை வைக்கவும் கூடாது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். இரண்டு வயது குறைத்துப் போட்டுக் கொடுத்து, நல்ல பையன் ஒருத்தன் செலக்‌ஷனில் நின்றுபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

எல்லாம் சரியாக நடந்தாலும் லீக்கே நிற்கலாம். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனை நிறுத்தி வைத்தார்கள்; நடத்துகிற உரிமை பற்றிய ஒப்பந்தம் முடிய இருந்தது, புதிதாக எதுவும் முடிவாகவில்லை. சில கிளப்கள் சம்பளத்தையே நிறுத்தின. நாட்டின் முதல் லீக்கில் ஆடுகிறவன் காண்டிராக்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். 22 வயதுப் பையன் பொறுத்துக்கொள்வான். 28 வயது விங்கருக்கு அது கடைசி நல்ல வருஷங்களில் ஒன்று, மீன்பிடித் தடைக்காலம் முடிந்தும் வள்ளத்தை இறக்க விடாத மாதிரி.

அதனால்தான் வேலை என்கிற பழைய வழியை நான் கேலி செய்வதில்லை. இந்தியாவின் மிகப் பெரிய ரைட் அவுட் பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் கேப்டனாகப் போய் பிரான்ஸுக்கு எதிராகக் கோல் அடித்தவர். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கின டீமில் ஃபைனலில் கோல் அடித்தவர். அவர் மோகன் பகானுக்கும் ஆடவில்லை, ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடவில்லை. ஈஸ்டர்ன் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு அந்த டீமுக்கே ஆடி, 1958-இல் கல்கத்தா லீக்கையும் ஜெயித்துக் கொடுத்தார். இன்று ஸ்போர்ட்ஸ் கோட்டா சுருங்கிவிட்டது, டிபார்ட்மெண்ட் டீம்கள் பல பெயரளவுக்கு இருக்கின்றன. ஆனாலும் போலீஸ், ரயில்வே, ராணுவம் என்று வாசல் முழுக்க மூடவில்லை. சந்தோஷ் டிராஃபி சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு இருக்கிறது. 2024-இல் ஆறு டீமோடு தொடங்கின சூப்பர் லீக் கேரளாவும் நடுத்தட்டுப் பையன்களுக்கு இன்னொரு மேடை. எந்த வாசலுக்கும் பிளஸ் டூவோ டிகிரியோ கேட்பார்கள். தூத்தூர் செயிண்ட் ஜூட்ஸ் கல்லூரி டீமில் ஆடிக்கொண்டே டிகிரி முடித்தவர்கள் நம் கரையில் நிறைய இருக்கிறார்கள், ஐ.எஸ்.எல். கிடைக்காதவனுக்கும் பிடித்து நிற்க ஒரு கொம்பு இருந்தது.

இனி அந்த அகாடமி. விடலாமா என்றால், போய்ப் பார்த்துவிட்டு விடலாம். போகும்போது வீட்டுக்காரியையும் கூட்டிப் போங்கள். சமையற்கட்டையும் கக்கூஸையும் அவள் பார்ப்பாள், நீங்கள் மைதானத்தைத்தான் பார்ப்பீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள், தமிழ் மீடியத்தில் படித்த பையன் மலையாளத்திலா இங்கிலீஷிலா எழுதுவான் என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் மலையாளம் வெள்ளமாகப் பேசும், பரீட்சைத் தாளில் எழுத வராது. இதில் ஒரு வருஷம் போனவர்கள் உண்டு. வருஷத்துக்கு எத்தனை லீக் மேட்ச் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள், பயிற்சி மட்டும் என்றால் வேண்டாம். அடிபட்டால் ஸ்கேனுக்கு யார் பணம் கட்டுவது? போன வருஷம் 18 முடித்து வெளியே போன பையன்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயர் பெயராகச் சொல்லத் தெரிந்த இடம் நல்ல இடம். சுவரில் தொங்குகிற கோப்பை படத்தைக் காட்டினால் யோசியுங்கள்.

இந்தப் பக்கத்து ஊர் கிளப்பில் அவனை முறையாகப் பதிவு செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவனை வளர்த்த கிளப்களுக்கு, பின்னால் அவன் வெளிநாட்டுக் கிளப் எதற்காவது விலைக்குப் போனால், அந்த விலையில் 5 சதவீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நடக்குமோ நடக்காதோ, காகிதத்தில் ஊர் பெயர் இருக்கட்டும்.

ஜூன், ஜூலை தடைக்காலத்தில் நீங்கள் கரையில்தானே இருப்பீர்கள்? மழை விட்ட ஒரு நாள் பையனைக் கூட்டிக்கொண்டு எங்கள் மைதானத்துக்கு வாருங்கள், பொழியூர் பஸ்ஸிலிருந்து இறங்கி யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஓட விட்டுப் பார்க்க மாட்டேன், ஓடுவான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வலது கால் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இடது காலால் மட்டும் அரை மணி நேரம் ஆடச் சொல்வேன். பிறகு இரண்டு பையன்களை எதிரில் விட்டு, லெஃப்ட் பேக்காக நிறுத்துவேன். அவன் முகம் அப்போது எப்படி இருக்கிறது என்று நாம் இரண்டு பேரும் பார்க்கலாம்.